பால்மா இல்லாத சாமான் அறை

எங்கள் வீட்டுச் சாமான் அறையின் திறப்பு என் தாலிக்கொடியில் தொங்குகிறது. ஸ்கந்தபுரத்தில் இதைக் கேள்விப்பட்டுச் சிரிக்காத சனம் இல்லை. சிரிக்கட்டும், எனக்கென்ன. வீடு கட்டிப் பதின்மூன்று வருடமாகிறது. என் மனுசன் ஜெயந்தன் அந்த அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. நான் விட்டதும் இல்லை.

உள்ளே இரண்டு நீலப் பரல் நிறையப் புழுங்கலரிசி, வேப்பிலையும் செத்தல் மிளகாயும் இடையிடையே போட்டு இறுக்கி மூடியது. பக்கத்தில் வறுத்த அரிசிமா, ஒடியல்மா, புழுக்கொடியல், பருப்பு, பயறு, நெத்தலிக் கருவாடு, உப்பு, பனங்கட்டி, முப்பது மீன் ரின். நெருப்புப்பெட்டிகளைப் பொலித்தீனில் சுற்றி அகலவாய்ப் போத்தலில் அடைத்திருக்கிறேன். எல்லாம் மூன்று கல் அடுக்கி அதன்மேல் போட்ட பலகையில் இருக்கிறது. பரலைத் தவிர மற்றவை ஒரு பெண்பிள்ளை தனியே தூக்கக்கூடிய அளவில், உரப்பையில் வாய் கட்டியபடி. ஓட வேண்டி வந்தால் லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கால் மணித்தியாலத்தில் ஏற்றிவிடலாம். ஏற்றிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

புதிது உள்ளே போனால் பழையது குசினிக்கு வரும். அதுதான் ஒழுங்கு. ஆகவே எங்கள் உலையில் எப்போதும் போன வருடத்து அரிசிதான். மூன்று ஏக்கர் நெல் விதைக்கிற மனுசன் தன் வயலின் புது அரிசியைப் பொங்கலன்று மட்டும்தான் வாயில் வைப்பார். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள், "ஒருக்கா புத்தரிசிச் சோறு காய்ச்சினா என்ன?" என்று கேட்டார்.

"சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கதைக்கப்படாது," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எதை எங்கே வைப்பது, எல்லாம் நான்தான். அவர் மூட்டையை வாசல்வரை சுமந்து வந்து வைத்துவிட்டுப் போவார். உள்ளே இழுப்பது நான்.

காரணம் இல்லாமல் ஒரு பெண் இப்படி நடப்பாளா? எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தான். விதுசன். யுத்த இடப்பெயர்வின் கடைசி மாதங்களில் அவனுக்கு ஏழு மாதம். எனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனதால் மாப்பாலில் வளர்ந்தவன். இரண்டாயிரத்து ஒன்பது மாசியில், மாத்தளன் பக்கம் ஓடுவதற்கு லான்ட்மாஸ்டரில் சாமான் ஏற்றும்போது எங்களிடம் பால்மா இரண்டு ரின் இருந்தது. என் காப்பைக் கொடுத்து வாங்கியது. ஒன்று என் கைப்பையில், மற்றது உடுப்புப் பெட்டியில். இழுவைப் பெட்டியில் பாரம் கூடிவிட்டது என்று இவர் அந்த உடுப்புப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் அரிசி மூட்டையை ஏற்றினார். ரின் உள்ளே இருப்பது தெரிந்துதான் இறக்கினார். "அரிசி இருந்தா எல்லாரும் சீவிக்கலாம். பால்மா ஒண்டு கையில கிடக்குத்தானே எண்டு நினைச்சன்," என்று பிறகு சொன்னார். என்னிடம் முதலே சொல்லவில்லை. மாத்தளனில் போய்த் தேடும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர் பருக்கினோம். வயிற்றாலே போகத் தொடங்கியது. பதினொரு நாள் இருந்தான். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

பால்மாவை இறக்கியவர் என்று நான் அவரைச் சொல்லாத நாள் குறைவு. உறவுக்காரர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். கையில் இருந்த மற்ற ரின்னுக்கு என்ன நடந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஒரு விசயம் விட்டுப்போயிற்று. அத்தனை சாமான் அடுக்கிய அந்த அறையில் பால்மா மட்டும் கிடையாது. எங்கள் வீட்டில் வெறும் தேத்தண்ணிதான், வந்தவருக்கும் அதுதான். கடையில் பால்மா அடுக்கிய தட்டுப் பக்கம் நான் முகம் திருப்புவதில்லை.

அவருக்கென்று வீட்டில் இருந்தது கட்டிலுக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டி. காணி உறுதியும் அடையாள அட்டைப் பிரதிகளும் அதற்குள் என்று சொல்வார். உறுதிக்கு எதற்கு அவ்வளவு பெரிய பூட்டு? உள்ளே போத்தல் வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மணத்தைக் காணவில்லையே தவிர, சந்தேகம் எனக்குப் போனதில்லை.

நாடே வரிசையில் நின்ற வருடம் டீசலுக்கு என்று கானோடு கிளிநொச்சிக்குப் போனவர் இரண்டு நாள் கழித்து வெறுங்கானோடு வந்தார். வயல் காய்ந்துகொண்டு கிடந்தது. "ரெண்டு நாள் எங்க கிடந்தனீங்கள், ஒரு கான் டீசல் எடுக்க ஏலாத மனுசன்," என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கத்தான் ஏசினேன். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கஜனி வீடு. இருபத்தாறு வயது, புருசன் பிரசாந்தன் கட்டாரில், போன கார்த்திகையில் கையில் நான்கு மாதப் பெண்குழந்தை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஒருநாள் சீனி கடன் கேட்டு வந்தாள். நான் அறைக்குள் நிற்க, அவள் வாசலில் நின்று போனில் என் சாமான்களை வீடியோ எடுத்திருக்கிறாள். பின்னேரம் அது ஊரெல்லாம் ஓடுகிறது. "எங்கட பக்கத்து வீட்டு அக்கா மூண்டாம் உலகப்போருக்கு ரெடி," என்று அவளுடைய குரல், பின்னால் ஒரு சிரிப்புப் பாட்டு. சங்கக்கடையில் ஒருத்தன் என்னைப் பார்த்து, "அக்கா, எனக்கும் உங்கட பங்கரில ஒரு இடம் போட்டு வையுங்கோ," என்றான்.

அன்றோடு கஜனியின் முகத்தில் நான் விழிக்கவில்லை. வேலியில் ஆள் புகுந்து வரும் பொட்டைத் தகரம் வைத்து அடைத்தேன். சீனியும் கொடுக்கவில்லை. சொன்னால் என்ன, அந்த அறையிலிருந்து நான் அதுவரை யாருக்கும் எதுவும் கொடுத்ததே இல்லை.

போன கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் விடியக் குளம் நிரம்பி வான் பாயும் சத்தம் வீடுவரை கேட்டது. கதவைத் திறந்தால் முற்றம் இல்லை. மண்ணிறத் தண்ணீர் வேலிக்கு ஊடால் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் இரண்டரை அடி கூட. கட்டும்போது நான் சண்டை பிடித்து உயர்த்தியது. அதற்கும் ஊர் சிரித்ததுதான். மேல்படிக்குத் தண்ணீர் இன்னும் ஒரு சாண் இருந்தது.

கஜனி வீட்டுப் பக்கமிருந்து, "அண்ணை, அண்ணை," என்று சத்தம். அவள் இடுப்பளவு தண்ணீரில், குழந்தையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றாள். ஜெயந்தன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. நான் வைத்து அடைத்த தகரத்தைக் காலால் உதைத்து விழுத்திப் போய், குழந்தையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் அவள், ஒரு கையில் வெறும் சூப்பிப் போத்தல்.

நான் மேல்படியில் நின்றேன். தடுக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. அவள் நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். மாற்ற ஒரு சேலை எடுத்து எறிந்தேன்.

மின்சாரம் இல்லை. போனில் சிக்னல் இழுக்கவில்லை. பிரதான வீதி எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. பதின்மூன்று வருடம் இந்த நாளுக்குத்தானே அடுக்கினேன். அவள் பார்க்கத்தக்கதாக அறையைத் திறந்தேன். அரிசி எடுத்தேன், பயறு எடுத்தேன், காய்ந்த விறகை மேல்தட்டிலிருந்து இழுத்தேன். கஞ்சி காய்ச்சி, நெத்தலியைப் பொரித்து, கோப்பையை அவள் முன்னால் வைத்தேன்.

"வீடியோ எடுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு குடித்தாள். கண்ணீர் கஞ்சிக்குள் விழுந்தது. எனக்கு அது போதவில்லை.

"பங்கர்க் கஞ்சி. உப்புக் காணுமோ?"

"இஞ்ச, விடுமன்," என்றார் ஜெயந்தன்.

"நீங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கப்படாது," என்றேன்.

அப்போதுதான் குழந்தை அழத் தொடங்கியது. முதலில் சிணுங்கல், பிறகு வீடு அதிரும் அழுகை.

"பாலைக் குடன். அந்தப் பக்கம் திரும்பி இருந்து குடு," என்றேன் கஜனியிடம்.

"எனக்குப் பால் இல்லையக்கா. பிறந்த ரெண்டாம் மாசமே நிண்டு போச்சு. மாப்பால்தான்."

"அப்ப மா எங்க?"

"அடுப்படியில கீழ வைச்சிருந்தனான். தண்ணி வந்த வேகத்தில ரின் கவிண்டு போச்சு. போத்தலைத்தான் எட்டிப் பிடிக்க ஏலுமா இருந்தது." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கட அறையில இருக்கும்தானே அக்கா. நீங்கள் எல்லாம் வைச்சிருக்கிறியள்."

அதில் நக்கல் இல்லை. நக்கலாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் நம்பித்தான் கேட்டாள்.

நான் அறைக்குள் போனேன். இல்லாததைத் தேடினேன். என் கையால் அடுக்கிய ஒவ்வொரு பையையும் தூக்கிப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு ஐந்து பேர் சாப்பிடக்கூடிய சாமான், எல்லாம் பல் முளைத்த சனத்துக்கு. பால் இல்லாமல் பிள்ளையைப் பறிகொடுத்த நான், பிள்ளைக்கென்று ஒரு பொருளையும் அந்த அறைக்குள் சேர்க்கவில்லை. பரலின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது கதவைப் பூட்டக்கூட நினைவு வரவில்லை.

"இல்லை," என்றேன்.

"அப்ப கஞ்சித் தண்ணி எண்டாலும் வடிச்சுக் குடுப்பமே அக்கா?"

"குடுக்காத," என்று கத்தினேன். அவள் பயந்து பின்னால் போனாள். "அதைத்தான் நானும் குடுத்தனான். என்ர பிள்ளை செத்தது அதில. விளங்குதோ உனக்கு? நாலு மாசப் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணி பருக்கிற வேலை இந்த வீட்டுக்க நடக்காது."

என் பிள்ளை எப்படிப் போனான் என்று அவளுக்கு அதுவரை தெரியாது போல. குழந்தையை இறுக்கி அணைத்தாள்.

பனங்கட்டியைக் கரைத்துக் கொடுப்போமா, கொதித்தாறிய வெறும் தண்ணீரைக் கொடுப்போமா என்று எனக்குள் பத்து யோசனை. ஒன்றும் சரியில்லை. வயல் பக்கம் யாராவது வள்ளத்தில் வருகிறார்களா என்று கஜனி யன்னலில் ஏறி நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீரில் ஒரு கதிரையும் யாருடையதோ நாய்க்குட்டியும் போயின. சனம் ஒன்றும் வரவில்லை.

மதியமானது. குழந்தையின் அழுகை மெலிந்தது. கஜனி, "நித்திரை கொள்ளப்போறாள் போல," என்றாள். எனக்குத் தெரியும் அது நித்திரை இல்லையென்று. அந்தச் சத்தத்தை நான் முந்தி ஒருமுறை கேட்டவள். முதலில் தொண்டை, பிறகு மூக்கு, பிறகு உதடு மட்டும் அசையும். நான் குழந்தையை வாங்கி மடியில் வைத்தேன். அது என் சேலைத் தலைப்பைச் சூப்பத் தொடங்கியது.

அதுவரை விறாந்தையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயந்தன் எழும்பி உள்ளே வந்தார். கட்டிலுக்குக் கீழே இருந்து இரும்புப் பெட்டியை இழுத்தார். சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்தார். மேலே காணி உறுதி, அதற்குக் கீழே ஒரு துவாய், துவாயைப் பிரித்தால் பால்மா ரின். மூடி உடைக்காதது.

யன்னலடிக்குக் கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கித் திகதியைப் பார்த்தார். "அடுத்த ஆடி மட்டும் இருக்கு," என்றார். "பிறந்ததில இருந்து ஒரு வயசு மட்டும் குடுக்கிற மா. நாலு மாசத்துக்குச் சரி."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழும்பினேன்.

"எப்ப வாங்கினது?" என்று கேட்டேன்.

"இது சித்திரையில. ஒவ்வொரு வருசமும் ஒண்டு வாங்குவன். திகதி முடியிறதுக்கு முன்னம் ஆரும் பிள்ளைக்காரருக்குக் குடுத்திட்டு வேற வைப்பன்."

"ஒவ்வொரு வருசமுமோ?"

"ஓம்."

"டீசலுக்குப் போய் வெறுங்கானோட வந்த வருசமும்?"

அவர் ரின்னின் மூடியைக் கரண்டியால் நெம்பிக்கொண்டே தலையாட்டினார். அந்த வருடம் நாட்டில் பால்மா இல்லை. இரண்டு நாள் அவர் நின்றது எந்த வரிசையில் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தண்ணீரைக் கொதிக்க வைத்து, போத்தலையும் அதில் போட்டு எடுத்து ஆறவைத்தேன். கஜனி அவசரத்தில் அள்ளியதில் மா கொட்டுண்டது. நான் வாங்கினேன். பதினாறு வருடம் பார்க்கக்கூட மாட்டேன் என்றிருந்த மாவை அளந்து, தலை தட்டி, போட்டேன். மணம் மூக்கில் ஏறியதும் கண் நிறைந்துவிட்டது. புறங்கையில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். கை மறக்கவில்லை. குழந்தை முதல் இழுப்பில் புரையேறி, பிறகு மூச்சுவிடாமல் குடித்தது. கஜனி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தள்ளவில்லை, தடவவும் இல்லை.

பின்னேரம் மழை விட்டது. தாயும் பிள்ளையும் எங்கள் கட்டிலில் உறங்கினார்கள். படியில் தண்ணீர் ஒரு சாணிலிருந்து இரண்டு சாணுக்கு இறங்கியிருந்தது. ஜெயந்தன் விறாந்தையில் இருந்தார். நான் வெறும் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். இனியும் சொல்லாமல் இருக்க என்னால் ஏலவில்லை.

"அண்டைக்குக் கைப்பையில ஒரு ரின் இருந்ததெல்லோ," என்றேன். "அது முடிஞ்சு போகேல்ல. நான் குடுத்தனான். பக்கத்துப் பங்கரில ஒரு பிள்ளை கத்திக்கொண்டு கிடந்தது. எங்களுக்குத்தான் பெட்டியில இன்னொண்டு இருக்கே எண்டு நினைச்சு அப்பிடியே தூக்கிக் குடுத்திட்டன். பிறகுதான் பெட்டியைத் தேடினனான். திருப்பிக் கேப்பம் எண்டு போனா அந்தச் சனம் அதுக்குள்ள வேற பக்கம் ஓடிட்டுது."

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"சண்டை முடிஞ்சு முகாமில தண்ணி வரிசையில நிக்கேக்க அந்தப் பிள்ளையின்ர தாய் வந்து என்னைக் கும்பிட்டது. உங்கட மனுசி தந்த பால்மாவிலதான் என்ர பிள்ளை தப்பினது எண்டு. கனகராயன்குளத்தில இருக்கினம். வவுனியா போகேக்க வரேக்கக் காணுறனான். பெடியன் இப்ப என்னைவிட உயரம்."

முகாமில் என்றால் அதே வருடம். விதுசனைப் புதைத்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது.

"பதினாறு வருசம்," என்றேன். குரல் ஏறிவிட்டது. "பதினாறு வருசமா நான் ஊருக்கு முன்னால வைச்சுத் திட்டத் திட்ட வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறியள். நீரும்தானே ஒண்டைக் குடுத்தனீர் எண்டு ஒரு சொல் சொன்னால் என்ன?"

அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"சொல்லியிருந்தா நீர் பிறகு ஆரைத் திட்டியிருப்பீர்?"

நான் அழுதேன். வாயில் சேலையை அடைத்துக்கொண்டு, உள்ளே பிள்ளை எழும்பிவிடும் என்று சத்தமில்லாமல் அழுதேன். அவர் என்னைத் தொடவில்லை. தொட்டிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன், அது அவருக்குத் தெரியும். கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். உடுப்புப் பெட்டியை இறக்கியது அவர்தான், அது என்றைக்கும் இறக்கியதுதான். ஆனால் என் ரின்னையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றி வைத்தது நான். அதை அவர் இறக்கி வைக்கவே இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன்.

"வாற சித்திரைக்கு ரெண்டு ரின்னா வாங்குங்கோ," என்றேன். "இரும்புப் பெட்டிக்க வேண்டாம். சாமான் அறையில வையுங்கோ, மேல்தட்டில."

"அறை பூட்டியெல்லோ கிடக்கும்," என்றார்.

"போய்ப் பாருங்கோ. காலமை தொடக்கம் திறந்துதான் கிடக்கு."